அரசாங்கம் கேஸ் நடத்தினால் ஜெயிப்பது யார்?

சென்னை உயர் நீதிமன்றத்தின் அன்றாட வழக்குப் பட்டியல் இப்போது மொபைலிலேயே கிடைக்கிறது. அதைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனால் ஒரு விஷயம் சட்டென்று கண்ணில் படும். மனு போட்டவர்களின் பெயர்கள் வரிக்கு வரி மாறும். எதிர்மனுதாரர் பெயர் மட்டும் அவ்வளவாக மாறாது. செயலாளர், ஆட்சியர், ஆணையர், இயக்குநர், தாசில்தார் என்று பதவிகள்தான் வரிசையாக நிற்கும். நடுநடுவே 'இந்திய ஒன்றியம்', வருமான வரித் துறை, ரயில்வே.

தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று கிராமத்துக்காரர் ஒருவர் ரிட் மனு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் முதல் எதிர்மனுதாரர் சென்னை-9, தலைமைச் செயலகத்தில் இருக்கும் துறைச் செயலாளர். இரண்டாவது மாவட்ட ஆட்சியர். மூன்றாவது வட்டார வளர்ச்சி அலுவலர். கடைசியாகத்தான் ஊராட்சித் தலைவர். மண்வெட்டியோடு ஆள் அனுப்ப வேண்டியவர் கடைசி ஆள். ஆனால் கோர்ட்டில் பேசப்போவது முதல் ஆளின் வக்கீல். அரசாங்கம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கோர்ட் வாசலில் அது மூன்று நான்கு அடுக்குகளாகப் பிரிந்து நிற்கிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் பலம் வேறு, பலவீனம் வேறு, தோற்கும் விதமும் வேறு.

2022 ஏப்ரல் 30 அன்று முதலமைச்சர்களும் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளும் கூடிய மாநாட்டில், அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி என்.வி.ரமணா வெளிப்படையாகவே சொன்னார்: நாட்டிலேயே அதிகம் வழக்காடுவது அரசாங்கங்கள்தான், ஏறக்குறைய பாதி வழக்குகள் அவர்களுடையவை. பிரதமரும் முதலமைச்சர்களும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் சொல்லப்பட்ட வார்த்தை அது.

இத்தனை கேஸ் நடத்துகிறவர் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டாமா? 1974-ல் மார்க் கேலன்டர் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சட்டங்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். வழக்காடுகிறவர்களை அவர் இரண்டாகப் பிரித்தார். வாழ்நாளில் ஒருமுறை கோர்ட் படி ஏறுகிறவர்கள் ஒரு பக்கம். தினமும் ஏறி இறங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாமவருக்கு வக்கீல் தயாராக இருக்கிறார், எந்தக் கேஸை எங்கே நடத்துவது என்று தெரியும், ஒரு கேஸ் தோற்றால் தூக்கம் கெடாது. எனவே நாளடைவில் அவர்கள் கைதான் ஓங்கும் என்றார். அவருக்குப் பிறகு அமெரிக்காவில் 16 மாநிலங்களின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை, 1870 முதல் 1970 வரை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்களும் பலமுள்ளவர் பக்கம் தராசு சாய்வதைக் கண்டார்கள். ஆனால் சராசரியாக 5 சதவீத அளவுக்குத்தான். நினைத்ததைவிடச் சின்னச் சாய்வு.

இந்தியாவில் அந்தச் சாய்வை அதிகமாக்கும் ஏற்பாடுகள் சட்டத்திலேயே இருக்கின்றன. சாதாரண மனிதர் ஒருவர் கடன் பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்; தன் நிலத்தை மீட்க 12 ஆண்டுக்குள் போட வேண்டும். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 30 ஆண்டு கொடுத்திருக்கிறது. உள்ளாட்சிக்கு அந்தச் சலுகை முழுதாகக் கிடையாது. பொதுத் தெருவையோ சாலையையோ ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கும் வழக்குக்கு மட்டும் 30 ஆண்டு. மற்றபடி நகராட்சியும் நம்மைப்போலத்தான் நாளை எண்ண வேண்டும். சட்டப் புத்தகத்திலேயே பெரியண்ணன், சின்னத்தம்பி என்று பாகம் பிரித்தாகிவிட்டது.

இன்னொன்று, நோட்டீஸ். அரசின் மீது சிவில் வழக்குப் போட நினைப்பவர், அவசர நிவாரணம் தேவைப்படும் வழக்குகள் தவிர, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவின்படி இரண்டு மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். விஷயம் கோர்ட்டுக்கு வராமலே முடியட்டும் என்பதற்காக வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு. நடப்பது என்ன? நோட்டீஸ் போகும், அஞ்சல் ஒப்புகை அட்டை திரும்பி வரும், பதில் வராது. 2005-ல் உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டி, பதில் சொல்ல ஒவ்வொரு துறையிலும் ஓர் அதிகாரியை நியமியுங்கள் என்றது. உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனுவுக்கு இந்த நோட்டீஸ் தேவையில்லை. ஜனங்கள் ரிட் பக்கம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெல்லியின் பிடிவாதம்

மத்திய அரசுக்குக் கோர்ட்டில் பெரிய பட்டாளம் உண்டு. அட்டர்னி ஜெனரல், சொலிசிட்டர் ஜெனரல், பல உயர் நீதிமன்றங்களில் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல், அவருக்குக் கீழே நிலை வழக்கறிஞர்கள், வருமான வரிக்கும் சுங்கத்துக்கும் தனித்தனிப் பட்டியல். எந்த வழக்கு எங்கே நிற்கிறது என்று பார்க்க 'லிம்ப்ஸ்' என்ற கணினி வலை. அந்தக் கணக்கின்படி மத்திய அரசு சம்பந்தப்பட்டு நிலுவையில் இருப்பவை ஏறக்குறைய 7 லட்சம் வழக்குகள் என்று 2025 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அதில் சுமார் 2 லட்சம், நிதி அமைச்சகம் ஒன்றுக்கே.

அந்த நிதி அமைச்சகம் எப்படி வழக்காடுகிறது என்று அதன் கையாலேயே எழுதப்பட்ட சாட்சியம் ஒன்று உண்டு. அர்விந்த் சுப்ரமணியன் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது வந்த 2017-18 பொருளாதார ஆய்வறிக்கையில், நீதி தாமதமாவதைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினார்கள். நேரடி வரி வழக்குகளில் மேல்முறையீடு போவது பெரும்பாலும் துறைதான். பத்துக்கு எட்டுக்கும் மேல். ஆனால் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என எந்த மட்டத்திலும் துறையின் வெற்றி 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதைவிட வேடிக்கை இன்னொன்று. நிலுவை வழக்குகளில் 66 சதவீதம், தலா 10 லட்சம் ரூபாய்க்கும் குறைந்த தொகைக்கானவை. அத்தனையையும் கூட்டினாலும் முடங்கிக் கிடக்கும் மொத்தப் பணத்தில் 1.8 சதவீதம்தான். மாறாக, 0.2 சதவீத வழக்குகளில்தான் 56 சதவீதப் பணம் மாட்டியிருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

தோற்பது தெரிந்தும் ஏன் போகிறார்கள்? அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். அப்பீல் போட்டுத் தோற்றால் கேள்வி கேட்க ஆளில்லை. 'கோர்ட் சொல்லிவிட்டது' என்று ஃபைலை மூடிவிடலாம். அப்பீல் போடாமல் விட்டால்? 'வரி கட்ட வேண்டியவருக்கு ஏன் சலுகை காட்டினீர்கள்?' என்று தணிக்கைக்காரர் கேட்பார், விஜிலன்ஸ் கேட்கும், ஓய்வு பெறும் நேரத்தில் மெமோ வரும். வழக்குச் செலவு அவர் சட்டைப் பையிலிருந்து போவதில்லை. எனவே கையெழுத்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

டெல்லி இதை உணராமல் இல்லை. குறிப்பிட்ட தொகைக்குக் கீழே உள்ள வழக்குக்கு வருமான வரித் துறை அப்பீல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். உயர் நீதிமன்றத்துக்கு அந்த வரம்பு 2018-ல் 50 லட்சம், 2019-ல் 1 கோடி, 2024 செப்டம்பரில் 2 கோடி என்று ஏறியது. அதிகாரியின் பயத்துக்கு இதுதான் சரியான மருந்து. அவர் முடிவெடுக்க வேண்டியதே இல்லை, சுற்றறிக்கை எடுத்துவிடுகிறது. 2010-ல் சட்ட அமைச்சர் வீரப்ப மொய்லி காலத்தில் அறிவித்த தேசிய வழக்காடல் கொள்கை, 'பொறுப்புள்ள வழக்காளி' என்றெல்லாம் அழகாகப் பேசியது. அந்தப் பேச்சு செய்யாததை இந்த எண்கள் கொஞ்சமாவது செய்திருக்கின்றன.

பணம் சம்பந்தப்படாத இடத்தில் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. ராணுவ வீரர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று. உச்ச நீதிமன்றம் 2017 கடைசியில் அரசின் அப்பீலைத் தள்ளுபடி செய்தது. பிறகும் அதே விஷயத்துக்கு வேறு வேறு ராணுவ வீரர்கள் மீது அப்பீல்கள் வந்துகொண்டே இருந்தன. 2018-ல் நீதிபதிகள் பொறுமை இழந்து மத்திய அரசுக்கு 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தார்கள். எல்லையில் நின்றுவிட்டு வந்த மனிதர், வயதான காலத்தில் டெல்லிக்கு வக்கீல் பிடிக்க வேண்டியிருந்தது.

நம் ஊர்க் கதையும் உண்டு. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம், ஒரு வணிக நிறுவனத்திடம் தவறாக வசூலித்த 5,000 ரூபாய்க்கும் குறைந்த கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்து, 'காலக்கெடு தாண்டிவிட்டது' என்று வாதாடிக்கொண்டே உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979-ல் நீதிபதி பகவதி அதற்குச் சொன்ன பதிலை இன்றும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். குடிமகனின் நியாயமான பாக்கியை மறுக்க ஒரு பொது அமைப்பு இப்படித் தொழில்நுட்பக் காரணத்தின் பின்னால் ஒளியலாமா என்று கேட்டார் அவர்.

கோட்டையிலிருந்து ஃபைல் வருவதற்குள்

உயர் நீதிமன்றத்துக்கு அதிகம் வந்து நிற்பது மாநில அரசு. அதற்கு ஓர் அமைப்புக் காரணமும் இருக்கிறது. மத்திய அரசு ஊழியரின் பதவி உயர்வு, ஓய்வூதியத் தகராறுகள் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே வடிகட்டப்பட்ட பிறகே உயர் நீதிமன்றம். தமிழ்நாட்டிலும் மாநில ஊழியர்களுக்கென ஒரு தீர்ப்பாயம் இருந்தது. 2006-ல் அது கலைக்கப்பட்டது. அதன் பிறகு ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், காவலர், சத்துணவு ஊழியர் என்று எவருக்குப் பிரச்னை வந்தாலும் நேராக உயர் நீதிமன்றம்தான். 2004-ல் மதுரைக் கிளை வந்ததும் தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தூரமும் குறைந்தது.

மாநில அரசின் வக்கீல்கள் திறமையில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. அட்வகேட் ஜெனரலில் தொடங்கி அரசு பிளீடர்கள் வரை நல்ல தலைகள் உண்டு. ஆனால் வக்கீல் வாய் திறக்க வேண்டுமென்றால் ஃபைல் வர வேண்டும். ஃபைல் ஒரு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பீரோவில் இருக்கிறது. அங்கிருந்து இயக்குநரகம், அங்கிருந்து கோட்டை, அங்கே சட்டத் துறையின் கருத்து, பணம் என்றால் நிதித் துறையின் கருத்து, மறுபடி பிளீடர் அலுவலகம். தனி நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து டிவிஷன் பெஞ்சுக்குப் போக 30 நாள் அவகாசம். 30 நாளில் அந்த ஃபைல் கோட்டை வாசலைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

அதனால் நடப்பது ஒரு வழக்கமான நாடகம். தீர்ப்பு வருகிறது. அரசுத் தரப்பில் சத்தமே இல்லை. ஜெயித்தவர் ஆறு மாதம் காத்திருந்துவிட்டு நீதிமன்ற அவமதிப்பு மனு போடுகிறார். செயலாளர் நேரில் வர வேண்டுமோ என்ற நிலை வந்ததும் கோட்டையில் மின்சாரம் பாய்ந்ததுபோல எல்லாரும் எழுந்திருக்கிறார்கள். ஒன்று, அவசர அவசரமாக அரசாணை வரும். இல்லையென்றால், 'காலதாமதத்தை மன்னிக்க வேண்டும்' என்ற மனுவோடு அப்பீல் வரும்.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் இல்லை. 2020-ல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தள்ளுபடி ஆகும் என்று தெரிந்தே, 'மேலே வரை போய்ப் பார்த்துவிட்டோம்' என்று எழுதிவைத்துக்கொள்ளப் போடும் இந்த மாதிரி அப்பீல்களுக்கு நீதிபதிகள் 'சான்றிதழ் வழக்குகள்' என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர். 25,000 ரூபாய் செலவுத்தொகை போட்டு, அதைத் தாமதத்துக்குக் காரணமான அதிகாரிகளிடம் வசூலிக்கவும் சொன்னார்கள். மத்திய அரசின் அஞ்சல் துறை 427 நாள் தாமதத்தோடு வந்தபோதும் 2012-ல் அதே கோர்ட், காலவரையறை அரசுக்கும் சேர்த்துத்தான் என்று திருப்பி அனுப்பியிருந்தது. ஆனால் உயர் நீதிமன்றங்களில், பொதுப்பணம் பாழாகிவிடக் கூடாதே என்ற கவலையில் தாமதத்தை மன்னிக்கும் நாட்களும் நிறைய உண்டு. அந்த நம்பிக்கையில்தான் ஃபைல் மெதுவாக நகர்கிறது.

மெத்தனத்தின் விலையைப் பார்க்க வேண்டுமானால் நிலமெடுப்பு வழக்குகளைப் பார்க்க வேண்டும். சாலைக்கோ சிப்காட்டுக்கோ எடுத்த நிலத்துக்குக் கொடுத்த இழப்பீடு போதாது என்று கோர்ட் கூட்டிக் கொடுத்தால், கூடுதல் தொகைக்கு நிலத்தைக் கையில் எடுத்த நாளிலிருந்து முதல் ஆண்டு 9 சதவீதம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. 10 லட்சம் கூடுதல் என்றால் வருடம் ஒன்றரை லட்சம் வட்டி ஓடும். அப்பீல் பத்து வருடம் கிடந்தால் வட்டி அசலைத் தாண்டிவிடும். எந்த வங்கியும் தராத அந்த வட்டி, கருவூலத்திலிருந்துதான் போகிறது. நிலம் கொடுத்த குடும்பத்துக்காவது அது லாபமா என்றால், பணம் வரும்போது நிலத்தை உழுதவர் இருப்பதில்லை; வாரிசுச் சான்றிதழோடு பேரன் வந்து நிற்கிறான்.

மாநில அரசு கைப்பிடியாகத் தோற்கும் இன்னொரு இடம் குண்டர் சட்டம். 1982-ம் ஆண்டுச் சட்டம் அது. விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அவ்வளவு கூர்மையான ஆயுதம் என்பதால் கோர்ட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும். கைதானவர் கொடுத்த முறையீட்டைப் பரிசீலிக்கச் சில நாள் தாமதம், அதற்கு விளக்கம் இல்லை. கொடுத்த ஆவணத்தில் ஒரு பக்கம் படிக்க முடியாத ஜெராக்ஸ். ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை. ஜாமீனில் வந்துவிடுவார் என்று சொன்னதற்கு ஆதாரம் இல்லை. இப்படி ஒரு காரணம் போதும், உத்தரவு ரத்து. ஆள்கொணர்வு மனுக்களில் இந்தக் காரணங்கள் அச்சடித்ததுபோல வந்துகொண்டே இருக்கின்றன. நாற்பது வருடமாக அதே பாடத்தில் ஃபெயிலாகும் மாணவனைப் பள்ளிக்கூடம் என்ன செய்யும்? ஆனால் இங்கே ஃபெயில் ஆவதால் மாணவனுக்கு நஷ்டம் இல்லை. உத்தரவு ரத்தாகும்போது அந்த ஆள் பல மாதம் உள்ளே இருந்து முடித்திருப்பார். கோர்ட்டில் தோற்றாலும் போலீஸ் நினைத்தது நடந்துவிட்டது. எனவே வெற்றி, தோல்வி என்ற கணக்கையே இங்கே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சந்தேகப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுகளில் மிகப் பெரும் பகுதி 'மனுதாரரின் கோரிக்கையை 12 வாரங்களுக்குள் பரிசீலித்து, சட்டப்படி உத்தரவு பிறப்பிக்க வேண்டும்' என்ற ரகம். பட்டா மாறுதல், கருணை அடிப்படை வேலை, சான்றிதழில் பெயர்த் திருத்தம், எல்லாவற்றுக்கும் இதே வாசகம். மனுதாரர் இனிப்பு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார். 11-வது வாரத்தில் தாசில்தாரிடமிருந்து கடிதம் வருகிறது: 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது.' யார் ஜெயித்தார்கள்? பரிசீலிக்கச் சொன்னது உண்மை, பரிசீலித்ததும் உண்மை. இப்படிப் பொத்தாம்பொதுவாக 'பரிசீலி' என்று உத்தரவு போடுவதில் உள்ள ஆபத்தை 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஆந்திரப் போக்குவரத்துக் கழக வழக்கு ஒன்றில் விளக்கியிருந்தது. வாசகம் மட்டும் மாறவில்லை.

கடைசி எதிர்மனுதாரர்

மாநகராட்சிகளுக்குத் தனி வக்கீல் பட்டியல், சட்டப் பிரிவு எல்லாம் உண்டு. கிராம ஊராட்சிக்கு? ஒரு செயலர், ஒரு தீர்மானப் புத்தகம், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஊராட்சியின் கேஸ் பெரும்பாலும் இந்தத் தீர்மானப் புத்தகத்தில்தான் ஜெயிக்கும் அல்லது தோற்கும். ஆக்கிரமிப்பை அகற்றியது சரிதான், ஆனால் நோட்டீஸ் கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லை. வரியை உயர்த்தியது சரிதான், ஆனால் ஆட்சேபம் கேட்ட பதிவு இல்லை. 'எதிர்த் தரப்பைக் கேட்காமல் முடிவெடுத்தது செல்லாது, மறுபடி முதலிலிருந்து வாருங்கள்' என்று உத்தரவாகும். நியாயம் கையில் இருந்தும் காகிதம் கையில் இல்லாமல் தோற்பது இந்த அடுக்கின் தனித்துவம்.

'காசில்லை' என்ற வாதமும் எடுபடாது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்ற ஊரில் திறந்த சாக்கடையும் துர்நாற்றமும் தாங்காமல் மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். சரிசெய்யச் சொன்ன உத்தரவை எதிர்த்து நகராட்சி உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றத்திலும் நிதி இல்லை என்றது. 1980-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் ஒரே போடாகப் போட்டார்: சுகாதாரம் என்ற அடிப்படைக் கடமைக்கு நிதியில்லை என்பது பதிலே ஆகாது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு எந்த ஊர் சாக்கடை வழக்கிலும் நகராட்சி வக்கீலுக்குக் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் போகிறது.

நீர்நிலை ஆக்கிரமிப்பு, அனுமதியில்லாக் கட்டடம் போன்றவற்றில் கோர்ட் உள்ளாட்சியின் பக்கம்தான் நிற்கும். ஏரியை ஆக்கிரமித்தவர் போடும் மனு நிற்பது அரிது. ஆனால் ஜெயித்த பிறகு இடிக்கப் போக வேண்டும். அதற்குப் போலீஸ் பாதுகாப்பு வேண்டும், ஜே.சி.பி. வேண்டும், அடுத்த தேர்தலில் அந்தத் தெரு ஓட்டு போடுமா என்று யோசிக்க வேண்டும். ஒரு வருடம் கழித்து வேறொருவர், 'இடிக்கச் சொன்ன உத்தரவை ஏன் நிறைவேற்றவில்லை?' என்று அதே உள்ளாட்சி மீது வழக்குப் போடுவார். தன் வெற்றிக்காகவே கூண்டில் நிற்கும் வழக்காளி வேறு யாரும் இருக்க முடியாது.

ஊராட்சித் தலைவரின் நிலை இன்னும் சிக்கல். 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை ஆட்சியர் 203-வது பிரிவில் பறிக்கலாம். 205-வது பிரிவில் தலைவரைப் பதவியிலிருந்தே நீக்கும் நடவடிக்கை எடுக்கலாம். அப்போது தலைவர் உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார். மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஓர் அரசாங்கம், மேலிருக்கும் அரசாங்கத்தின் அதிகாரி மீது போடும் வழக்கு அது. விளக்கம் கேட்காமலும் கொடுத்த விளக்கத்தைப் படிக்காமலும் போட்ட உத்தரவாக இருந்தால் ஊராட்சித் தலைவர் ஜெயிப்பார். ஆனால் ஐந்தாண்டுப் பதவிக்காலம் வழக்குக்காகக் காத்திருக்காது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்று, பெரும்பாலான ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரிலும் நகரங்களில் 2022 பிப்ரவரியிலும்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ளாட்சியின் பெயரில் வழக்காடியவர்கள், மாநில அரசு நியமித்த தனி அலுவலர்கள். அப்பீல் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க மன்றமே இல்லாத வழக்காளிகள்.

மேல் அடுக்குகளோடு மோதும்போதும் உள்ளாட்சி எப்போதும் தோற்பதில்லை. மத்திய அரசும் மாநில அரசும் நேருக்கு நேர் சண்டை போட்டால் அரசியல் சட்டத்தின் 131-வது பிரிவுப்படி அது உச்ச நீதிமன்றத்துக்கே போய்விடும். உயர் நீதிமன்றம் பார்க்க முடியாது. நகராட்சிக்கு அந்த ராஜ மரியாதை கிடையாது. ரயில்வே குடியிருப்புக்கும் தபால் ஆபீசுக்கும் குப்பை அள்ளி, விளக்குப் போட்டுத் தருகிறோமே, வரி கட்டமாட்டேன் என்கிறார்களே என்று கேட்டால், மத்திய அரசுச் சொத்துக்கு வரி கிடையாது என்று 285-வது பிரிவைக் காட்டுவார்கள். குஜராத்தில் ராஜ்கோட் மாநகராட்சி விடாமல் இதை நடத்தியது. 2009-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிவு வந்தது: வரியாக இல்லாவிட்டாலும், பயன்படுத்தும் வசதிகளுக்கு ஏற்பச் சொத்து வரியில் 75 சதவீதம், 50 சதவீதம் அல்லது மூன்றில் ஒரு பங்கு என்று சேவைக் கட்டணமாகக் கொடுப்பதாக மத்திய அரசு ஒப்புக்கொண்டது. ஒரு மாநகராட்சியின் பிடிவாதம் நாடு முழுக்க உள்ள நகராட்சிகளுக்குப் பணம் வாங்கிக் கொடுத்தது. பிடிவாதத்துக்கும் நல்ல நாள் உண்டு.

இதில் எதையும் அறியாமல் கோர்ட்டுக்கு வருகிறவர், கேலன்டர் சொன்ன அந்த 'ஒருமுறை வருபவர்'. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் ஊதிய நிர்ணய வழக்கை எடுத்துக்கொண்டால், பல ஆண்டு நடந்து தீர்ப்பு அவர் பக்கம் வருகிறது. மூன்று மாதத்தில் பாக்கியைக் கொடுக்க உத்தரவு. பணம் வரவில்லை. அவர் என்ன செய்கிறார்? தீர்ப்பு நகலை இணைத்து மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுக்கிறார். பிறகு இயக்குநருக்கு. பிறகு முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு. ஒவ்வொன்றுக்கும் 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வருகிறது. மரியாதையான பெண்மணி, அதிகாரியை அவமதிப்பு வழக்கில் இழுப்பது நல்லதில்லை என்று பொறுமையாக இருக்கிறார்.

அந்தப் பொறுமைக்குச் சட்டத்தில் ஒரு கெடு இருப்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1971-ம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவு, உத்தரவை மீறிய நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம் தருகிறது. நினைவூட்டல் கடிதம் எத்தனை போட்டாலும் அதனால் கெடு நீளும் என்று நம்பியிருக்க முடியாது. 663 நாள் கழித்து வந்து மன்னிப்புக் கேட்க அரசாங்கத்துக்கு வக்கீல் இருக்கிறார். ஆசிரியைக்கு மூன்று மாதக் கெடு முடிந்த மறுநாளே காலண்டரில் வட்டம் போட்டுவைப்பதும், அடுத்த பிறந்த நாளுக்குள் வக்கீலைப் போய்ப் பார்ப்பதும்தான் வழி.